காட்டச் சொல்லிக் கொடுத்த டப்பா

செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, திரை வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனம் அச்சகத்தார் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துவந்த பிலோமினா முந்தின நாள் இறந்துவிட்டார். சிறுநீரகக் கோளாறு. ஐம்பத்திரண்டு வயது. அடக்கம் கோலியனூரில், மாலை நான்கு மணிக்கு. அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அவற்றுக்கு நடுவில், ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கும் நம் ஏகாம்பரம் ஒரு வரி எழுதியிருந்தார்: "வேலை நல்லா தெரிஞ்ச அம்மா. கை மட்டும்தான் சுத்தம் இல்ல. ஆத்மா சாந்தியடையட்டும்."

ஏகாம்பரத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வரி அவருடையது அல்ல, என்னுடையது. ஏழு வருடங்களுக்கு முன்பு டீக்கடையில் நான் சொன்னதை அவர் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பிலோமினாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி நம் அச்சகத்தார் சங்கத்தில் கேட்டார்கள். அவரைத் தெரிந்த திண்டிவனம், விழுப்புரம் ஆட்கள் எல்லோரும் படிப்பார்கள் என்றார்கள். நல்ல வார்த்தைகள் நிறைய இருக்கின்றன, எழுதுகிறேன். ஆனால் அந்த ஒரு வரி பொய் என்று சொல்லாமல் மற்றதை எழுதிப் பயனில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பவன். என் கடையிலிருக்கும் கம்ப்யூட்டர் மிகப் பழையது. புதியது வாங்க முடியாமல் இல்லை. நான் பழகிய சாஃப்ட்வேரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் புது மெசினில் ஓடாது. இருபது வருடத்துப் பத்திரிகைகள் அதற்குள் இருக்கின்றன. மூத்த பெண்ணுக்கு அடித்த பத்திரிகையைக் காட்டி, அதே மாதிரி இளையவளுக்கும் வேண்டும் என்று கேட்டு வருபவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதி.

பிலோமினா முதல் தடவை வந்தது ஒரு சித்திரை மாதம். மெசின் அப்போது ஒரு எழுத்தை அடித்தால் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த எழுத்தைக் காட்டும் நிலையில் இருந்தது. விழுப்புரத்தில் ஒரு பெண் நன்றாகப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டேன். ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார். வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஒரு ஸ்டூலை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார்.

"நீங்க உங்க வேலயப் பாருங்க சார். நான் சும்மா பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

"மெசினைப் பாருங்க மேடம், என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றேன்.

"மெசினு மெதுவா இல்ல சார். அது வேற எதுக்கோ ஓடிக்கினு இருக்குது. எதுக்குன்னு தெரியாம தொறந்து இன்னா பண்றது?"

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எந்த வேலை செய்யும்போது பிராசசர் எவ்வளவு சதவீதம் போகிறது, யார் அதைத் தின்கிறார்கள் என்று திரையின் மூலையில் ஓடிய பட்டியலைப் பார்த்துப் பார்த்து எழுதினார். கடைசியில் ஒரு பக்கம் நிரம்பிய நோட்டை என்னிடம் காட்டினார். நான் எப்போதோ ஏற்றி மறந்துபோன இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. "ரெண்டு வாட்ச்மேன வெச்சிருக்கீங்க. ஒருத்தர ஒருத்தர் திருடன்னு புடிச்சிக்கினு இருக்காங்க" என்றார். மூவாயிரத்துச் சொச்சம் எழுத்துருக்கள் ஏற்றியிருந்தேன். பயன்படுத்துவது அதிகம் போனால் நாற்பது. மெசினைப் போட்டதும் என்னைக் கேட்காமல் தானாக எழுந்து ஓடும் சில்லறை நிரல்கள் ஒரு டஜன் இருந்தன. ஒவ்வொன்றாக என்னைக் கேட்டுக் கேட்டு நிறுத்தினார். பிறகு மூடியைக் கழற்றி, ஊதுகுழாயால் தூசியை ஊதிவிட்டு, புது ரேம் அட்டை ஒன்றைப் போட்டார். மெசின் பள்ளி விட்ட பிள்ளையைப் போல ஓடியது.

அவருடைய குணத்துக்கு ஒரு உதாரணம் சொல்ல வேண்டும். காணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு விழா அழைப்பிதழ் கொடுக்கப் போயிருந்தேன். அன்றைக்கு அங்கே கம்ப்யூட்டர் பார்க்க பிலோமினாவும் வந்திருந்தார். தலைமை ஆசிரியர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்டார். "வந்துக்கினு இருக்காரு சார்" என்று சொல்லிவிட்டு பிலோமினா உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. "மெக்கானிக் வந்தாரா?" என்றார் அவர். "வந்தாரு, முடிச்சிட்டாரு, கெளம்பினு இருக்காரு" என்று சொல்லி பிலோமினா பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோலியனூரில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, தபாலில் டிப்ளமா படித்து வந்தவர். இப்படி நாலு பேர் கேட்டதற்கெல்லாம் கோபப்பட்டால் வேலை எப்போது செய்வது என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அவர் சரிசெய்து கொடுத்த மெசின் வைகாசியிலும் ஆனியிலும் நன்றாக ஓடியது. ஆவணி பிறந்ததும் மறுபடி படுத்துவிட்டது. இந்தத் தடவை வேறு மாதிரி. காலையில் போட்டால் அரை மணி நேரம் குறை சொல்ல முடியாது. அதன் பிறகு ஒரு வேலையும் கொடுக்காமல் சும்மா வைத்திருந்தாலும் பிராசசர் நூறு சதவீதம் என்று காட்டும். ஆவணி முகூர்த்தங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும் நேரம். மயிலத்தில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை நாலு நாள் தாமதமாகி, பெண்ணின் அப்பா கடை வாசலில் நின்று ஊர் கேட்கும்படி பேசிவிட்டுப் போனார். அந்த அவமானத்தோடு பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். அவர் மூடியைக் கழற்றவே இல்லை. திரையைப் பார்த்தார், காபி குடித்தார், "ரேம் பழசா இருக்கலாம் சார். சில பேரு புதுசக் காட்டிட்டு பழசப் போட்டுட்டுப் போறது உண்டு" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். நான் அன்று மாலை டீக்கடையில் ஏகாம்பரத்திடமும் இன்னும் மூன்று பேரிடமும் சொன்னது வேறு. "விழுப்புரத்து அம்மாவுக்கு வேலை நல்லா தெரியும். கை மட்டும்தான் சுத்தம் இல்ல. புது ரேம எடுத்துக்கினு பழசப் போட்டுட்டுப் போயிடுச்சி." சோதித்துப் பார்க்கவில்லை. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பெண்ணின் அப்பா என்மேல் கொட்டியதை நான் இன்னொருவர்மேல் கொட்டினேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

திண்டிவனத்தில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆறேழு கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக்கொண்டன. யாரும் அவரிடம் காரணம் சொல்லவில்லை. போன் செய்யவில்லை, அவ்வளவுதான். நான் என் மெசினை அரை மணி ஓட்டுவது, கால் மணி அணைத்து வைப்பது என்று ஒன்றரை வருடம் தள்ளினேன். பக்கத்துத் தெருக்காரர் ஒவ்வொரு தடவையும், "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க சார்" என்பதற்கு மேல் வேறு எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஒருநாள் மெசின் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பல வருடத்து வேலை உள்ளே இருக்கிறது. வேறு வழி இல்லாமல் பிலோமினாவுக்குப் போன் செய்தேன். எடுக்கமாட்டார் என்று பாதியும், எடுக்கக் கூடாது என்று பாதியும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "வெள்ளிக்கெழம காலையில வர்றேன் சார்" என்றார்.

வந்தவர் பழையபடி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் பிரித்தார். "நீங்க எப்பவும் போல கடையத் தொறந்து எப்பவும் போல பண்ணுங்க" என்றார். நானும் எப்போதும்போலச் செய்தேன். வெள்ளிக்கிழமை ஆயிற்றே, தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணி தூவி, சாமி படத்துக்குக் காட்டினேன். கல்லாவுக்குக் காட்டினேன். பிறகு சோறு போடும் மெசின் என்று கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் மேசைக்கடியில் தூபக்காலை வைத்தேன். வெள்ளிதோறும் அங்கேதான் வைப்பேன், புகை அடங்கும்வரை அங்கேயே இருக்கும்.

"சார், அப்டியே இருங்க. எடுக்காதீங்க" என்றார் பிலோமினா.

குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். புகை மேலே போகவில்லை. பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் மிகக் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது.

"எத்தினி வருஷமா இப்டி காட்றீங்க?"

"மெசின் வாங்கின நாள்லேருந்து."

"வெள்ளிக்கெழம மட்டுந்தானா?"

"ஆடி மாசம் தினமும். ஆடியில வேலையே வராதே மேடம். அதனால கொஞ்சம் தாராளமா."

அவர் மெசினை அணைத்து மூடியைக் கழற்றினார். பிராசசர்மேல் உட்கார்ந்திருக்கும் சின்ன ஃபேனை எடுத்ததும் அதன் கீழே, சூட்டை வெளியேற்றும் தகடுகளே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு அடை ஒட்டியிருந்தது. பேப்பர் வெட்டும் தூளும் சாம்பிராணிப் பிசினும் சேர்ந்து இறுகியது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு துண்டைப் பெயர்த்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கோயில் வாசம் அடித்தது.

"மொத தடவயே மோந்து பாத்திருக்கணும். வெறும் தூசின்னு நெனச்சி மேலாப்புல ஊதிட்டு வுட்டுட்டேன். அது என் தப்பு" என்றார். பிறகு விளக்கினார். சூடு வெளியே போக வழியில்லாமல் போனால் பிராசசர் எரிந்துபோகாமல் இருக்கத் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "நடையக் கொறச்சிக்கிது சார். அப்பால சின்ன வேலகூட அதுக்கு முழு வேலையா ஆயிடுது. அதான் நூறு நூறுன்னு காட்டுது. அது சோம்பேறி இல்ல, மூச்சு வுட எடமில்ல." நான் அசடு வழிய நின்றேன். அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "எங்க கோயில்லயும்தான் தூபம் போடறாங்க. மாதாவுக்கு ஃபேன் கெடையாது, உள்ள இழுக்க மாட்டாங்க. இது இழுக்குது" என்றார்.

ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் வைத்து ஒன்றரை மணி நேரம் அந்த அடையைச் சுரண்டி எடுத்தார். பிராசசருக்குப் புதுப் பசை தடவினார். எல்லாம் முடிந்து மூடியைப் போடுவதற்கு முன், ரேமைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ஓரத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் சின்னதாக 'பி' என்றும், பக்கத்தில் அதைப் போட்ட மாதமும் வருடமும் எழுதியிருந்தன. தான் போடும் எல்லா உதிரிபாகத்திலும் அவர் அப்படி எழுதுவார் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

"நான் போட்டதேதான் இருக்குது, பாருங்க" என்றார்.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்றுதான் வாயில் வந்தது.

"திண்டிவனம் இன்னா அவ்ளோ பெரிய ஊரா சார்?"

பிலோமினா பையிலிருந்து ஒரு காலி மாத்திரை டப்பாவை எடுத்து, சுரண்டிய அடையில் பெரிதாக ஒரு துண்டைப் பார்த்து அதற்குள் போட்டு மூடி, என் மேசைமேல் வைத்தார். "இத வெச்சிக்கங்க. யார்னா கேட்டா காட்டுங்க" என்றார். பிறகு தான் கொண்டுவந்திருந்த சாப்பாட்டை எடுத்தார். கேப்பைக் களியும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் அரைத்த துவையலும். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். நான் சாப்பிட்டேன்.

அன்றைக்கே டீக்கடைக்குப் போய் டப்பாவைத் திறந்து காட்டியிருக்க வேண்டும். நடை தூரம்தான். போகவில்லை. போனால், சொன்னது தப்பு என்று நாலு பேர் முன்னால் நான் சொல்ல வேண்டும். மெசினைக் கெடுத்தது என் சாம்பிராணிதான் என்றும் சொல்ல வேண்டும், அது அதைவிடப் பெரிய கேலி. யாராவது கேட்கட்டும், காட்டுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய கதையை யார் மெனக்கெட்டுக் கேட்கப் போகிறார்கள்?

இதில் இன்னொரு பாவமும் சேர்ந்துகொண்டது. நம் தெருவில் வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி காட்டாத கடை எது? எல்லோருடைய மெசினும் அரை மணி நேரத்தில் மந்தமாகிறது என்று எல்லோரும் புலம்பினார்கள். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், பிலோமினா வந்தது தெரிந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் அதற்குப் பிறகு இரண்டு கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்குப் போட்டார். ஏகாம்பரம், உங்கள் மெசின்களுக்கு ஒரு கேடும் இல்லை. ஒரு பிரஷ் போதுமாக இருந்திருக்கும். அதை உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டியவரை நான் ஊருக்குள் வரவிடாமல் செய்துவிட்டேன்.

பிலோமினா அதன் பிறகும் வருடத்துக்கு இரண்டு தடவை என் கடைக்கு வந்தார். திண்டிவனத்தில் அவருக்கு என் கடை ஒன்றுதான். இறங்குவார், பார்ப்பார், சாப்பிடுவார், அடுத்த ரயிலுக்குப் போவார். போன வருடம் வந்தபோது முகம் வீங்கியிருந்தது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், பெரிய பேஜாரு என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இங்க வேற யாரும் கூப்பிடறதே இல்லயே சார். மெசினுங்கள்லாம் நல்லா ஓடுதா?"

"எல்லாரும் புதுசு வாங்கிட்டாங்க மேடம்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்டியா, நல்லது" என்றார். ஒரு பட்டியலைப் பார்த்து எந்த நிரல் வீணாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறவர் அவர். என் முகத்தைப் படிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? டீக்கடையில் சொன்னது கோபத்தில் சொன்னது. இதை நிதானமாகச் சொன்னேன். இரண்டில் எது என்னை அதிகம் அரிக்கிறது என்று கேட்டால், இதுதான்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கோலியனூரில் அவர்கள் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். அவருடைய தங்கை ஒவ்வொருவரையும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். திண்டிவனம் என்றதும், "அக்கா அங்க ஒரு கடைக்கி வுடாம போய்க்கினு இருந்துச்சி. நீங்கதானா அது?" என்றார். ஆமாம் என்றேன். "ஒடம்பு முடியாதப்பகூட, அவரு மெசின வேற யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போவும்" என்றார். திண்டிவனத்திலிருந்து நான் ஒருவன்தான் போயிருந்தேன். நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. உங்களை வரவிடாமல் செய்ததும் நான்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை இரண்டு. எதையும் திறப்பதற்குமுன் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கும் அவருடைய வழக்கம் ஒன்று. அது இன்னும் எனக்குக் கைவரவில்லை. கைவந்திருந்தால் அன்று டீக்கடையில் பேசியிருக்கமாட்டேன். மற்றது அந்த மாத்திரை டப்பா. என் மேசையின் இழுப்பறையில், பழைய ரப்பர் ஸ்டாம்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று எடுத்துத் திறந்து பார்த்தேன். துண்டு கருத்துக் கல்லாகிவிட்டது. வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அன்றைக்கு அந்த டப்பாவைப் படத்துக்கு முன்னால் மேசைமேல் வைக்கப் போகிறேன். பக்கத்தில், அவர் பெயரின் முதல் எழுத்தைத் தாங்கிய அந்த ரேமையும் கழற்றிக்கொண்டுவந்து வைப்பேன். யாராவது கேட்டால் காட்டுங்கள் என்றுதான் அவர் சொன்னார். இத்தனை வருடமும் யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்கும்வரை இனி நான் காத்திருக்கப் போவதில்லை. வந்து பாருங்கள்.